வெயில் விழும் நிலம்

பெர்மெட் மலை, 10 ஏப்ரல் 2016

என் உயிர் வித்தோரிக்கு,

நலம்தானே? எல்லைக்கு அந்தப் பக்கம் யானினாவில் இப்போதே வெயில் வந்திருக்கும். இங்கே உச்சியில் இன்னும் பனி வெள்ளையாகத் தெரிகிறது.

போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனைப் போலீஸ் ஒட்டுக்கேட்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் வேன்காரர் பானோ கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கோச்சோவுக்கு வேலை போய்விட்டது. குவாரியை மூடிவிட்டார்கள். புருஷன் நாள் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னையும் பிள்ளைகளையும் பார்த்து உறுமுகிறார். போன வாரம் நேசிம் வந்தான். விதை அவனே தருவான், விளைந்ததை அவனே எடுத்துக்கொள்வான். "அக்கா, மேல் ஊர்ல உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி. பாதிரியாரோட மச்சான்கூடப் போட்டுட்டான்" என்கிறான். கஞ்சாதான், வேறென்ன.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கோச்சோ தக்காளிச் செடிகூட வைத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கீழ்நாட்டில் அந்தக் கஞ்சா வயல்களில் கூலி வேலை செய்தவள் நீ. புதிதாக ஆரம்பிக்கிறவள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதேன்.

உன் வீட்டைப் பெருக்கினேன். உன் தோட்டத்து வேலியையும் பார்த்துக்கொள்கிறேன். கவலைப்படாதே. மிரெலாவும் எந்த்ரியும் அத்தைக்கு முத்தம் தருகிறார்கள். உன் கஷ்டமெல்லாம் என்னைச் சேரட்டும்.

உன் தோனிகா


யானினா, 21 ஏப்ரல்

அடி பைத்தியமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் பானோவைத்தான் திட்டினேன். இதையெல்லாம் எதற்குச் சுமந்து வருகிறார்?

வேண்டாம் தோனிகா. அந்த வயல்களில் முதலாளிகள் யாரும் மாட்டி நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றினவர்களைத்தான் கொண்டுபோனார்கள். என்னோடு களை பறித்த ஒருத்தியை அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வந்து வண்டியில் ஏற்றினார்கள்.

ஆனால் உன்னை எனக்குத் தெரியும். நான் சொல்லாவிட்டால் நேசிமிடம் கேட்பாய். அவன் சொல்வது அவனுக்குத்தான் நல்லதாக இருக்கும். எனவே கேட்டுக்கொள். மே பிறந்து இரவுக் குளிர் விடும்வரை நாற்றை மண்ணில் வைக்காதே. காலையிலிருந்து மாலைவரை வெயில் விழும் இடமாகப் பார். நிழலில் வைத்தால் ஈர்க்குச்சியாக நீண்டு விழுந்துவிடும். கொஞ்சமாகப் போடு. நேசிம் ஆயிரம் என்பான். நீ எத்தனைக்குத் தண்ணீர் சுமக்க முடியுமோ அத்தனைதான். நம் மலைச்சரிவில் ஊற்றுகிற தண்ணீர் ஓடிவிடும். ஒவ்வொரு செடிக்கும் கீழ்ப்பக்கமாகப் பிறை மாதிரிக் கல் அடுக்கு. இதை எனக்குக் கீழ்நாட்டில் யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம், வாயை மூடிக்கொள். கோச்சோவையும் காப்பிக்கடையில் மூடிக்கொள்ளச் சொல்.

என் பிளம் மரங்கள் பூத்தனவா? அதை எழுதவே இல்லையே.

உன் வித்தோரி


பெர்மெட் மலை, 19 ஜூன்

என் செல்லமே,

நீ சொன்னபடி எல்லாம் செய்தோம். முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது! கோச்சோ ஆளே மாறிவிட்டார். விடிந்ததும் போகிறார், செடிகளோடு பேசுகிறார். "வித்தோரி கை பட்டிருந்தா இன்னும் வளர்ந்திருக்கும்" என்று நேற்று உன்னைப் பாராட்டினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் யாரையும் பாராட்டிக் கேட்டதில்லை.

சில இலைகள் மஞ்சளாகின்றன. தண்ணீர் போதவில்லையா? ஆண் செடி, பெண் செடி என்கிறார்களே, அது எப்படித் தெரியும்?

பிளம் பூத்தது. எந்த்ரிக்குப் பால் பல் விழுந்துவிட்டது. வால்நட் காயில் இனிப்பு போட்டிருக்கிறேன், ஒரு குப்பி அனுப்பியிருக்கிறேன். தனாஸ் அண்ணனுக்கும் கொடு.

தோனிகா


யானினா, 15 ஜூலை

தோனிகா கண்ணே,

இனிப்பு வந்தது. தனாஸ் படுத்தபடியே சாப்பிட்டார். ஆமாம், படுத்தபடி. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. முதலாளி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. இனி என் மனுஷரால் கட்டட வேலை முடியாது. நான் துடைக்கிற தரைகளை வைத்து இங்கே வாடகை கட்ட முடியாது.

"ஊருக்குப் போயிடலாம் வித்தோரி. அந்தப் பிளம் நிலத்துல ஆடு வளர்ப்போம், பழத்துல ராக்கிச் சாராயம் காய்ச்சுவோம். நான் உட்கார்ந்தே செய்வேன்" என்கிறார். பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த நிலத்தை மட்டும் என் அப்பா என் பேருக்கு எழுதிவைக்காமல் போயிருந்தால் எங்களுக்கு எந்தப் போக்கிடமும் இருந்திருக்காது. அக்டோபரில் வந்துவிடுவோம்.

மஞ்சள் இலைக்குத் தண்ணீர் கூடிப்போனதுதான் காரணம். மண் காயட்டும், பிறகு ஊற்று. தண்டில் கிளை பிரியும் கணுவைப் பார்: வெள்ளை முடி மாதிரி எட்டிப் பார்த்தால் பெண், சின்னப் பைகள் தொங்கினால் ஆண். ஆணைப் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் எல்லாம் விதையாகிவிடும். மழை தொடங்குவதற்குள் அறுத்து முடி. பூவில் பூஞ்சை விழுந்தால் போச்சு.

இந்த ஒரு வருஷத்தோடு நிறுத்திவிடு. நான் வந்ததும் சேர்ந்து ஆடு வளர்க்கலாம்.

என் நிலத்து ஊற்று கோடையிலும் ஓடுகிறதா? மறக்காமல் எழுது.

உன் வித்தோரி


பெர்மெட் மலை, 20 ஆகஸ்ட்

வித்தோரி,

அண்ணனுக்கு நடந்ததைக் கேட்டு அழுதேன். அவசரப்படாதே. இந்த வருஷம் வர வேண்டாம். குளிர்காலத்தில் இடுப்பு வலியோடு மலைமேல் எப்படி இருப்பார்? ஆஸ்பத்திரியெல்லாம் அங்கேதானே. ஏப்ரலில் உறைபனி விழுந்து பிளம் எல்லாம் கருகிவிட்டது, இந்த வருஷம் பழமே இல்லை. ஊற்றும் மெலிந்துவிட்டது. அடுத்த வருஷம் வாருங்களேன். நான் எல்லாவற்றையும் சரிபண்ணி வைக்கிறேன்.

அவசரமாக எழுதுகிறேன், கோபிக்காதே.

தோனிகா


பெர்மெட், 24 செப்டம்பர்

தோனிகா,

வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அதனால் முன்னதாகவே கிளம்பினோம். சொல்லாமல் வந்து உன்னை அசத்தலாம் என்று நினைத்தேன்.

எல்லையில் என் அடையாள அட்டையைப் பார்த்ததும் என்னை வேனிலிருந்து இறக்கினார்கள். தனாஸ் ஊன்றுகோலோடு சாலையில் நின்றார். இங்கே போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்காரவைத்து அதிகாரி கேட்டார்:

"ஏம்மா, அந்த நிலம் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான் அய்யா."

"அப்ப செடி யாரோடது?"

"எந்தச் செடி அய்யா? அங்க பிளம் மரம்தான் இருக்கு. நான் யானினாவுல தரை துடைச்சிட்டு இருந்தேன்."

ஒரு போட்டோவை எடுத்து என் முன்னால் போட்டார். இந்த மாதம் முதல் வாரம் அவர்கள் வெட்டி எரிப்பதற்கு முன்னால் எடுத்தது. பிளம் மரங்களைக் காணோம். அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. நடுவில் அந்தச் செடிகள், ஆள் உயரத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே பிறை மாதிரிக் கல் அடுக்கி இருந்தது.

அந்தக் கற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். பயத்தில் ஊமையாகிவிட்டேன் என்று நினைத்து அந்த மனுஷர் தண்ணீர் கொடுத்தார்.

தினமும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லி விட்டிருக்கிறார்கள். இங்கே ஒரு அறையில் இருக்கிறோம். நான் பேசாமலே இருந்தால் நிலம் யாருடையதோ குற்றமும் அவளுடையது என்கிறார் வக்கீல். நேசிம் வந்து போட்டான், கோச்சோ உனக்குத் தெரியாமல் செய்தான், ஏதாவது ஒன்று எழுது. நம்புகிறேன்.

வித்தோரி


பெர்மெட் மலை, 28 செப்டம்பர்

வித்தோரி,

என்னை அடி, கொல்லு. எனக்குத் தெரியும். மரத்தை வெட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எங்கள் நிலம் வடக்குச் சரிவு, மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுந்துவிடும். வெயில் விழும் இடமாகப் பார் என்று நீதானே எழுதினாய்? இந்த ஊரில் அப்படி இருப்பது உன் நிலம் ஒன்றுதான். நீ போய் எத்தனை வருஷம் ஆயிற்று! பூட்டிப் போட்டுவிட்டுப் போனாய். பழத்தை நான்தான் பொறுக்கினேன், வேலியை நான்தான் கட்டினேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். போனவர்கள் யார் திரும்பி வந்தார்கள்?

செடியை வெட்டப் போலீஸ் வருவதற்குள் கோச்சோ ஓடி வந்துவிட்டார். போட்டது நாங்கள் என்று யாருக்கும் தெரியாது. நீ ஊரில் இல்லாதவள். யானினாவில் வேலை செய்ததற்குச் சாட்சி இருக்கிறது. உனக்குத் தண்டனை குறைவாகத்தான் இருக்கும் என்கிறான் நேசிம். கோச்சோ மாட்டினால் திரும்பி வரவே மாட்டார். மிரெலாவை நினைத்துப் பார். அவளுக்கு ஞானத்தாய் நீ. பேசாமல் இரு வித்தோரி, காலில் விழுகிறேன்.

தோனிகா


பெர்மெட், 2 அக்டோபர்

தோனிகா,

உன் கடிதத்தைத் தனாஸுக்குப் படித்துக் காட்டினேன். "பாவம்டி, பிள்ளைங்க இருக்கு" என்றார்.

"நான் ஜெயிலுக்குப் போயிட்டா உங்களைக் காலையில யாரு தூக்கி உட்கார வைப்பா?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று காலை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி வளர்ப்பது என்று நான் எழுதியதையும் சொன்னேன்.

"அதை எதுக்கும்மா சொல்றீங்க? உங்களுக்குத்தானே கேடு."

"கேட்டவ என் சிநேகிதி. அதான் எழுதினேன்" என்றேன். அதற்கு எனக்கு என்ன கிடைக்கும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

போனவர்கள் யார் திரும்பி வந்தார்கள் என்று கேட்டாயே. வந்திருக்கிறேன். அடிக்கட்டைகளுக்கு நடுவில்தான் வீடு கட்டப்போகிறேன், அவர்கள் விட்டால். தெருவில் என்னைப் பார்த்தால் நீ அந்தப் பக்கம் போ. பிள்ளைகள் இனி என்னை அத்தை என்று கூப்பிட வேண்டாம்.

நாளை காலை உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அதிகாரி வாய் தவறிச் சொன்னார். பானோவை எங்கும் நிற்காமல் உன்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன். கோச்சோ ஓடுவதும் நிற்பதும் உங்கள் பாடு. அப்பாவுக்கு விலங்கு மாட்டுவதை எந்த்ரி பார்க்க வேண்டாம். பிள்ளைகளை இன்றே உன் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடு. மேலிருந்து கிளம்பும் கடைசி பஸ் இருட்டுவதற்கு முன்னாலேயே போய்விடும்.

வித்தோரி