முத்திரையிட்ட முப்பத்தாறு சாடிகள்

கருவாறு வற்றாது ஓடுக. ஏழ்வாயில் நகரின் ஏழு வாயில்களும் அடையாது நிற்க. எல்லைக் காவலர் உறங்கினும் எல்லை உறங்காது இருக்க. அந்நகரத்து அரியணையில் அமர்ந்து, மலைப்புறமும் கடற்புறமும் ஒரு குடைக்கீழ்க் காத்துவரும் கோ இளவெழினியார் திருமுன்பு, அவருக்கு ஐந்தாண்டு மூத்தவளும், அதே அரியணையில் பதினேழாண்டு இருந்து, நாற்பத்து நான்காம் வயதில் தானே இறங்கி, இந்த ஆறாண்டாகத் தாழைமேட்டில் குடியிருப்பவளுமாகிய ஒள்வளை நங்கை விடுக்கும் ஓலை.

எழுத்துகள் கோணியிருப்பதைப் பொறுத்துக்கொள்க. இவ்வீட்டு ஓலைகளை எழுதுபவர் எயினன். அரண்மனைப் பண்டகக் காவலராக இருந்தவர், நான் இறங்கிய அன்று தாமும் இறங்கி மனைவியோடு என் பின்னே வந்தவர். அவர் இன்று உமது சிறையில் இருக்கிறார். ஆதலால் எழுத்தாணியை நானே பிடிக்க நேர்ந்தது. பதினேழாண்டு பிறர் எழுதிய ஓலைகளுக்கு முத்திரை மட்டுமே வைத்த கை இது; வேகமாக எழுதாது.

நேற்று ஒரே நாளில் இரண்டு வந்தன. காலையில் உமது ஓலை வந்தது. நாற்பத்தைந்து வயதில் ஆட்சி அலுத்துவிட்டது என்றும், அக்காளைப்போலவே காலத்தில் இறங்கி, சேர்த்துவைத்ததைக் கொண்டு எஞ்சிய நாளைக் கழிக்க விரும்புவதாகவும், எவ்வளவு சேர்த்தால் போதும், எதை எதில் வைப்பது, ஆண்டுக்கு எவ்வளவு எடுத்து உண்டால் கடைசிவரை குறையாது என்று அறிய வேண்டுவதாகவும் எழுதியிருந்தீர். என் வழியைப் பின்பற்றி அறுபது சாடிகள் நிரப்பிவிட்டதாகவும், இறங்குவதற்கு முன் அவற்றுக்கு நுமது கையாலேயே முத்திரை இடப்போவதாகவும் மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தீர்.

பிற்பகலில் உமது நாடுகாவல் அதிகாரி மருதங்கோ வந்தார். ஆண்டுதோறும் அரச முத்திரைகளை எண்ணிப் பார்ப்பது அவர் கடமை. என் வீட்டில் முப்பத்தாறு இருக்க வேண்டியவை முப்பத்தைந்தே இருந்தன. யார் உடைத்தது என்று அவர் வினவினார். தாமே உடைத்ததாக எயினன் உரைத்தார். அரச முத்திரையை உடைத்தவரின் வலக்கையைக் கொய்வது நம் நாட்டுச் சட்டம். வருகின்ற முழுநிலா நாளில் அது நிறைவேறும் என்று அதிகாரி மிகுந்த மரியாதையோடு என்னிடம் தெரிவித்துவிட்டு, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். முழுநிலாவுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

உமது கேள்விக்கும் எயினன் கைக்கும் மறுமொழி ஒன்றுதான். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் ஏன் இறங்கினேன் என்று நீர் அப்போது கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. காய்ச்சல் ஆண்டில் நகரின் வாயில்களை நாற்பது நாள் அடைக்கச் சொன்னவள் நான். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே நின்றவர்கள் பிழைக்கவில்லை. வாயில் திறந்தபோது நானே போய்ப் பார்த்தேன். அதன்பின் எனக்கு அழுகை வரவில்லை, சினமும் வரவில்லை. எதைத் தொட்டாலும் கையில் துணி சுற்றிக்கொண்டு தொடுவதுபோல் இருந்தது. அவையோர் என் நடுநிலையைப் புகழ்ந்தார்கள். எதுவும் உறைக்காத ஒருத்தி நாடாள்வது முறையன்று என்று எனக்குப் பட்டது. அவ்வளவுதான். அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

இறங்கிய அரசர் அரசுக் களஞ்சியத்தில் ஒரு மணியும் தொடலாகாது என்பதும், ஆண்ட காலத்தில் தம் உணவுக்கென அளந்து தரும் உள்ளங்கைப் பங்கிலிருந்து மிச்சம் பிடித்ததைக்கொண்டே வாழவேண்டும் என்பதும் நீர் அறிந்ததே. ஆனால் அச்சட்டத்தைப் பயன்படுத்திப் பார்த்தவர் எனக்கு முன் ஒருவரும் இல்லை. எல்லோரும் அரியணையிலேயே இறந்தார்கள். என் பங்கைப் பதினேழாண்டும் பாதிக்குமேல் உண்ணாமல் வைத்தேன். அதை மூன்றாகப் பிரித்தேன். தாழைமேட்டு ஏரிக்கீழ் நிலம் வாங்கினேன். அது ஆண்டுதோறும் சோறு போடும். நூற்றிருபது பசுக்களை ஆயரிடம் கன்றில் பாதி என்று விட்டேன். அது மெல்லப் பெருகும். மூன்றாவதாக முப்பது சாடியில் வரகும், ஆறு சாடியில் பொற்காசும் நிரப்பினேன். அது பெருகாது, ஆனால் மழை பொய்த்த ஆண்டில் கைகொடுக்கும். வரகு எத்தனை ஆண்டு கிடந்தாலும் கெடாது.

நல்ல ஆண்டில் நிலம் தருவதில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் உண்பது, மிச்சத்தை அடுத்த விதைப்புக்கு வைப்பது. கெட்ட ஆண்டில் சாடியைத் திறப்பது. எந்த ஆண்டிலும், அதிலும் மழையில்லா ஆண்டில், பசுவை விற்காதிருப்பது. இதுவே என் திட்டம். இன்று நினைத்துப் பார்த்தாலும் திட்டத்தில் குறை தெரியவில்லை. நீர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

குறை வேறிடத்தில் இருந்தது. இறங்குவதற்கு முந்தின நாள் மாலை, சாடிகள் வழியில் களவு போகக்கூடாதே என்று, ஒவ்வொன்றின் வாயையும் துணியால் கட்டி, கயிறு சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, என் அரச முத்திரையை நானே அழுத்தினேன். முப்பத்தாறு முறை. விடிந்ததும் அவையில் நான் இறங்கினேன். முறைப்படி என் முத்திரைக் கல்லை உம் முன்னிலையில் கருங்கல்லில் வைத்து உடைத்தார்கள். நீர் கைதட்டினீர். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அரச முத்திரை இட்ட பொருளை, அம்முத்திரையையே மறுபடி அழுத்தித்தான் திறக்கலாம். என் முத்திரை இவ்வுலகில் இல்லை. பதினேழாண்டு பிறர் பண்டகங்களுக்கு இச்சட்டத்தைக் கற்பித்தவள் நான். எனக்கு அது நினைவில் வரவில்லை. எயினனுக்கும் வரவில்லை, சாடிகளை வண்டியில் ஏற்றும்போது ஒரு முத்திரையும் விரியாதபடி வைக்கோல் வைத்து அடுக்கினார்.

தாழைமேட்டுக்கு வந்த முதல் மாதமே அறங்கூறும் அவையத்து மூவருக்கு எழுதிக் கேட்டேன். ஆண்ட அரசர் இறந்தால், ஈமக்கடன் முடித்தவர் அவர் முத்திரையைத் திறக்கலாம் என்று விதி இருப்பதாகவும், ஆகையால் பெருமாட்டி இறந்தபின் எத்தடையும் இல்லை என்றும், அதுவரை பொறுத்திருக்க வேண்டுவதாகவும் மிகப் பணிவோடு மறுமொழி வந்தது. பொறுத்திருந்தேன். நல்லவர்கள், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

முதலிரண்டு ஆண்டும் நிலம் விளைந்தது. மூன்றாம் ஆண்டு மழை இல்லை. முப்பது சாடி வரகு கூடத்தில் வரிசையாக நின்றது. நான் நாற்பது பசுக்களை விற்றேன். ஆயர் தலைவர் கோவூரன் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னதை அவர் சொன்னபடியே பொறிக்கிறேன்: “ஆத்தா, புல்லு இல்லாத வருசத்துல மாட்ட ஓட்டிட்டுப் போனா, வாங்குறவன் வச்சதுதான் வெல. ஒரு மாட்டுக்கு ஒரு கன்னுக்குட்டி காசுதான் குடுக்குறான்.” நான்காம் ஆண்டும் மழை இல்லை. இன்னும் ஐம்பது போயின. ஐந்தாம் ஆண்டு மழை நன்றாகவே பெய்தது. ஆனால் ஈனும் பசுக்கள் விற்றுப்போயிருந்தன, கிழப்பசுக்களே நின்றன. மழை பெய்தும் பெருகவில்லை. தொடக்கத்திலேயே முதலை விற்று உண்டவருக்குப் பின்னால் வரும் நல்ல ஆண்டுகளால் பயனில்லை. நீர் கேட்ட கேள்விகளில் இதுவே முதன்மையானது. அதை நீர் கேட்கவில்லை.

உம்மிடம் ஏன் சொல்லவில்லை என்பீர். நாணம் என்று எழுதலாமா என்று பார்த்தேன். நாணமும் இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. பசித்தது, பசி யாருக்கோ என்பதுபோல் இருந்தது. ஆனால் என்னோடு இருந்த ஆறுபேருக்குப் பசி அவரவர்க்கே இருந்தது. நால்வரை வேறு வீடு பார்க்கச் சொல்லி அனுப்பினேன். எயினனும் அவர் மனைவி பொன்னாத்தியும் போகவில்லை. இது என் பிழை, மழைமேல் போடமாட்டேன்.

இவ்வாண்டும் மழை இல்லை. கிழப்பசுக்களில் பாதி மாண்டு, பதினைந்தே எஞ்சின. சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் கண் திறந்தபோது பொன்னாத்தி வரகுக் கஞ்சி வைத்துக்கொண்டு நின்றாள். வரகு ஏது என்று கேட்டேன். அவள் கணவரைப் பார்த்தாள். எயினன் சொன்னார்: “ஆத்தா, நீங்க செத்தா தெறக்கலாம்னுதான சட்டம் சொல்லுது? ரெண்டு நாளு முன்னாடியே தெறந்துட்டேன், அம்புட்டுத்தான். குடிங்க.”

குடித்தேன். கஞ்சியில் உப்பு கூடியிருந்தது. உப்பு கூடியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆறாண்டாக உணவில் எது கூடியது, எது குறைந்தது என்று நான் அறிந்ததில்லை. இதை இவ்வோலையில் எழுத இடமில்லைதான்; இருந்தும் எழுதுகிறேன்.

நேற்று வண்டி போனபின் பொன்னாத்தி என்னிடம் ஒன்றே கேட்டாள்: “வலது கையா ஆத்தா, எடது கையா?” வலக்கை என்றேன். அவள் உள்ளே போய் அரிசி புடைக்கத் தொடங்கினாள்; முறத்தில் அரிசி இல்லை. குளிர்கிறது என்று நினைத்துப் போர்வை எடுத்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அச்சம், தம்பி. அதன் பெயர் அச்சம் என்று கண்டுபிடிக்கவே சிறிது நேரம் பிடித்தது.

இனி, நீர் இறங்குவதையோ இருப்பதையோ நான் தடுக்கவில்லை. இறங்குவதானால், கெட்ட ஆண்டுக்கு வைத்ததைக் கெட்ட ஆண்டில் உம் கையாலேயே எடுக்க முடிகிறதா என்று இறங்குமுன் பாரும். அறுபது சாடிக்கும் முத்திரை வேண்டா. ஊர்க் குயவன் கட்டும் கயிறு போதும். முன்பே இட்டிருந்தால், முத்திரைக் கல் உம் விரலில் இருக்கும்போதே திறந்துவிடும். உள்ளம் மரத்துப் போனதால் இறங்குவீராயின், அது இறங்கிய இடத்திலும் உடன் வரும். அதற்கு ஒரு சாடி தனியே இல்லை.

இப்போது இவ்வோலையின் நாணில் கட்டியிருப்பதைப் பாரும். அது என் அரச முத்திரை. புதிதாக அழுத்தியதன்று. இரண்டாம் சாடியின் கயிற்றை நானே அறுத்து, கொதிநீர் ஆவி காட்டி, அரக்கு ஓரத்திலும் விரியாமல் பெயர்த்து எடுத்தது. நான் அரியணையில் இருந்த நாளில், என் கையால் அழுத்தப்பட்டது. அரச முத்திரை முழுதாகத் தொங்கும் ஓலையை எதிர்வினா இன்றி நிறைவேற்றுவது நம் நாட்டுச் சட்டம் என்பதை அறங்கூறும் அவையத்து மூவரும் பணிவோடு உமக்குச் சொல்வார்கள். அவர்கள் தயங்கினால் இதை அவர்களிடம் கேளும்: சாடியின்மேல் எயினன் கையைக் கொய்யும் அளவுக்கு உயிரோடிருக்கிற முத்திரை, ஓலையின்மேல் மட்டும் எப்படிச் செத்துப்போகும்? இறந்ததென்றால் அவர் எதையும் உடைக்கவில்லை. உயிரோடிருக்கிறதென்றால் இது ஆணை.

ஆதலின், கருவாற்று நாட்டின் அரசியாக இருந்த நாளின் முத்திரையால் ஆணையிடுகிறோம். பண்டகக் காவலர் எயினன் இரு கையோடும் உடனே விடுவிக்கப்படுக. தாழைமேட்டில் எஞ்சிய சாடிகளை அவரே திறக்க, அதை எவரும் எண்ணாதிருக்க. கயிற்றை அறுத்தது குற்றமாயின், அக்குற்றம் இவ்வோலையை எழுதிய கையினுடையது. அதைத் தேடி அதிகாரி எந்நாளும் வரலாம், யாம் வீட்டில்தான் இருப்போம்.

இவ்வோலையைப் பொன்னாத்தி கொண்டுவருகிறாள். நடந்தே வருகிறாள், மூன்று நாளாகும். வாயிலில் காக்க வைக்க வேண்டா. நுமது குடை நிழல் நீள்க, நுமது சாடிகள் திறந்தே நிற்க, நும் நாட்டில் மழை முறை தவறாது வருக.

மறுமொழி ஓலையை அரண்மனை எழுத்தர் எவரும் எழுதலாகாது. எயினனே எழுதட்டும். அவர் வலக்கை எழுத்து எனக்குத் தெரியும்.