நோ என்றால் ஓம்

மச்சான்,

இன்று காலை குயின் வீதி ட்ராமில் பார்க்டேல் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். வெளியே பனி. ஈரக் கம்பளிக் கோட்டுகளின் மணமும், பிரேக் பிடிக்கும்போது எழுகிற சூட்டிரும்பு மணமும் சேர்ந்து வந்தன. முன் இருக்கையில் இரண்டு வயதான பெண்கள். ஒருத்தி ஏதோ கேட்க, மற்றவள் தலையை மேலும் கீழும் ஆட்டி, "நோ, நோ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கே நீ இல்லை.

ஒஸ்த்ராவாவில் நம் முதல் கிழமை ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் உருக்குத் தொழில் படிக்கப் போன இரண்டு பெடியள் நாம். செக் நாட்டின் அந்த நகரத்தில் எங்கே திரும்பினாலும் நிலக்கரிச் சுரங்கம், இல்லாவிட்டால் இரும்பாலைப் புகைபோக்கி. காலையில் போட்ட வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று தட்டை நீட்டினாய். பரிமாறிய பெண் "நோ, நோ" என்றபடியே தட்டை நிரப்பினாள். "விசர் மனிசி! இல்லையெண்டு சொல்லிக்கொண்டு அள்ளிப் போடுறாள்" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலைத் தொழிலாளர்கள் நம்மை ஹொக்கி விளையாடும் பனித்தரைக்குக் கூட்டிப்போனார்கள். காலை வைத்ததும் நீ மல்லாக்க விழுந்தாய். அடிபட்டதா என்று அவர்கள் கேட்க, வீராப்பாக "நோ" என்றாய். அவ்வளவுதான், நாலுபேர் உன்னைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினார்கள். "எனக்கொண்டுமில்லை, இறக்கி விடுங்கோடா!" என்று நீ தமிழில் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. அன்று பின்னேரம் அகராதியைப் புரட்டி நீதான் கண்டுபிடித்தாய்: "டேய், செக்கிலை ஓம் எண்டதுக்கு 'ஆனோ'. உவங்கள் அவசரத்திலை தலையை வெட்டிப்போட்டு வெறும் 'நோ' எண்டுறாங்கள்." அதன்பிறகு நமக்குள்ளும் நோ என்றால் ஓம், ஆமாம் என்றாகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறொன்ரோ வந்து பார்க்டேலில் ஒரே அறையில் இருந்தோம். முதன்முதலாக இந்த ட்ராமைப் பார்த்ததும், "உது எங்கட ஒஸ்த்ராவா ட்ராமெல்லோ! எங்களுக்கு முன்னம் வந்து நிக்குது" என்று துள்ளினாய். ஆனால் நம் பட்டத்தை இங்கே ஒருவரும் சட்டை செய்யவில்லை. நீ உணவகமொன்றில் கோப்பை கழுவினாய். மனைவியும் மகளும் கொழும்பில். நிரந்தர வேலை கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம் என்று இரவுபகலாக அதே நினைப்பு உனக்கு.

ஒருவழியாக மிசிசாகாவில் ஒரு இரும்பு வார்ப்பாலை உன்னை நேர்முகத்துக்கு அழைத்தது. நான்தான் காரில் கூட்டிப்போனேன். திரும்பும்போது நல்ல உசாராக இருந்தாய்.

"மின்சார உலையிலை வேலை செய்திருக்கிறியோ எண்டான். வடிவாத் தலையாட்டி, நோ எண்டன். தனிய நிண்டு பாப்பியோ எண்டான். நோ, நோ எண்..."

அதோடு உன் பேச்சு நின்றுவிட்டது. உருக்கைப் பற்றி நீ படித்ததெல்லாம் செக்கில். உலை என்றதும் செக் முந்திக்கொண்டது. முதலில் இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு வீடு வரும்வரை, நாளைக்குச் சொல்லவேண்டிய விளக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாய். அடுத்தநாள் போய் விளக்கம் சொன்னபோது வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு சொல்லால் உன் மகள் இன்னும் இரண்டு வருடம் அப்பாவைக் காணாமல் வளர்ந்தாள்.

போன பங்குனியில், ஸ்காபரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ. வலி இருக்கிறதா என்று தாதி ஆங்கிலத்தில் கேட்டாள். கண்ணை மூடியபடி "நோ" என்றாய். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். "அப்பாடா, நோகேல்லையாம்" என்று உன் மனைவி பெருமூச்சு விட்டார். உன் கை கட்டில் விரிப்பை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் கண்டேன்.

குனிந்து கேட்டேன்: "மச்சான், உது எந்த நோ? இங்கிலிசோ, செக்கோ?"

"ரெண்டுமில்லையடா. எங்கட நோ."

முதுகு நோ, வயிற்று நோ என்று ஊரில் வலியைச் சொல்கிற நம் நோ. நான் தாதியைத் தேடி ஓடினேன். மருந்து ஏற்றியதும் உன் கை தளர்ந்து, நித்திரையாகிவிட்டாய். நாம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

இன்று நான் சிரித்ததை அந்த இரண்டு பெண்களும் கவனித்துவிட்டார்கள். ஒருத்தி திரும்பி, கொஞ்சம் முறைப்பாகவே, "உனக்கு செக் விளங்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

உன்னைப்போலவே வடிவாகத் தலையாட்டி, "நோ" என்றேன்.

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு ட்ராம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள், மச்சான்.