சிப்பி உடைக்காத கை

தோங்யங்,
பிப்ரவரி

அன்புத் தங்கை ஹேரிமுக்கு,

நானும் அத்தானும் சுகம். இங்கே கடல் குளிர் இன்னும் விடவில்லை. சிப்பி உடைக்கும் கொட்டகைக்கு நான் இப்போது போவதில்லை. கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கை வலி என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன். அது வேலையால் வந்ததல்லவாம். கொட்டகையில் எல்லோருக்கும் கை வலிக்கும். ஆனால் அவர்களுக்குச் சாயங்காலம் வலித்து, தூங்கினால் குறையும். எனக்குக் காலையில் இரண்டு கை விரல்களும் ஒன்றுபோல விறைத்திருக்கும். வேலை செய்யச் செய்ய இளகும். அத்தான் அதைச் சோம்பல் என்றே நினைத்தார். நவம்பரில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்ட அன்று, கோஸ் நிறைந்த பாத்திரம் என் கையிலிருந்து நழுவியது. அவரே எல்லாவற்றையும் பொறுக்கினார். மறுநாள் சின்ஜு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

முடக்குவாதம் என்றார் டாக்டர். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே அடிக்கிறதாம். முன்பே வந்திருக்கலாமே என்று அத்தானைப் பார்த்துக் கேட்டார். மறுநாள் காலையில் படகுக்குக் கிளம்புமுன் அத்தான் ஒரு பேசின் வெந்நீரை என் முன்னால் வைத்தார். "கையை வை. ஆறிடப் போவுது" என்றார். இன்றுவரை வைக்கிறார்.

வாரம் ஒருமுறை மாத்திரை. மறுநாள் குமட்டும். வீக்கம் வற்றிவிட்டது. வலது கையில் கோணிய இரண்டு விரல் இனி நிமிராது. மற்றவற்றைக் காப்பாற்றலாம் என்கிறார்கள்.

அம்மா கடைசியில் சாப்பாட்டுக் குச்சியை விட்டுவிட்டுக் கரண்டியால் மட்டும் சாப்பிட்டாளே, வயசு என்று இருந்துவிட்டோம். அப்போது அவளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

போன வாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: காலையில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, ஆபீஸ் போனபிறகு சரியாகிவிடுகிறது, எல்லாம் குளிர்தான் என்று. நீ பாங்கில் உட்கார்ந்து வேலை செய்பவள், ஹேரிம். ஒருநாளும் சிப்பி உடைத்ததில்லை.

மூட்டுவாத டாக்டரிடமே போ. ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். இருந்தால், குழந்தைக்குக் காத்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடு. நான் சாப்பிடும் மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது. அதற்கு ஏற்ற வேறு மருந்துகள் இருக்கின்றனவாம்.

என்னைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருப்பதாகச் சொன்னாய். இங்கே வராதே. அந்த லீவில் ஆஸ்பத்திரிக்குப் போ. வராததற்கு நான் கோபப்பட மாட்டேன், போகாவிட்டால்தான் கோபப்படுவேன்.

உன் பத்து விரலும் நன்றாக இருக்கட்டும்.

அக்கா
போக்சுன்