புற்றுமண் வெடித்த மத்தியானம்

மதினி,

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். சிவகிரிக்காரி. முதல் பஸ்ஸில் வந்து, கோவிலுக்குப் போய்விட்டு, நேரே என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வாழை இலைத் துண்டில் மடித்த சிறு பொட்டலத்தை என் கையில் வைத்து, "தையல் பிரிச்சாச்சு டீச்சர். நல்லா நடக்கேன்" என்றாள்.

பொட்டலத்தைப் பிரித்தேன். புற்றுமண். கோமதியம்மன் சந்நிதியில் எடுத்து நெற்றிக்கு வைத்துக்கொள்கிற அதே மண், ஈரம் காயாமல். அந்த மணம் எழுந்ததும் எனக்கு அம்மன் ஞாபகம் வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள். பின்கட்டு அறையில் பாயில் படுத்துக்கொண்டு, "கதவைச் சாத்துட்டி" என்று அதட்டுகிற நீங்கள்.

நான் பட்டம் வாங்கி ஊர் திரும்பிய வருஷம் அது. நம் குடும்பத்தில் அதற்கு முன் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை. ரதவீதியில் அண்ணன் நடத்திய இட்டிலிக் கடைக்கு நீங்கள் ஆட்டிய மாவுதான் என்னைத் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைத்தது. படித்தேனே தவிர வாய் திறக்கவில்லை. சட்னி கேட்கிறவருக்கு "இதோ" என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். "ஏட்டி பி.ஏ., நீ பேசுதது உனக்காவது கேக்குதா?" என்பீர்கள், வீதி முழுக்கக் கேட்கும்படி.

பேச வராவிட்டாலும் எனக்குப் பார்க்க வரும். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் நீங்கள் பின்கட்டு அறையில் படுப்பீர்கள். தேங்காய்ச் சிரட்டையில் புற்றுமண்ணைக் குழைத்து, சேலையை ஒதுக்கி, தொடை வயிற்றோடு சேரும் மடிப்புக்குச் சற்றுக் கீழே பூசுவீர்கள். அங்கே நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு இருந்தது. "சூட்டுக் கட்டி. உங்க அண்ணன்ட்ட மூச்சு விட்டுராத." ஒரு தூக்கம் தூங்கி எழுந்து மண்ணைக் கழுவும்போது புடைப்பு இருக்காது. "பாத்தியா, கட்டிய அம்மன் மண்ணு வாங்கிட்டுது" என்பீர்கள். தண்ணீர்க் குடங்களைத் தூக்கிவைத்து, ஆட்டுரலில் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வந்திருக்கும். மறுநாள் மறுபடி மண்.

ஒருநாள் மண் தீர்ந்துபோயிருந்தது. சும்மாவே படுத்தீர்கள். அன்றும் எழுந்திருக்கும்போது புடைப்பு இல்லை.

"மண்ணு வைக்கலையே மைனி, பிறகு எப்படி வத்திச்சு?"

"நேத்து வச்ச மண்ணு இன்னைக்கு வேலை செய்யுது. பெரிசாக் கண்டுட்டா."

அடுத்த நாள் புது மண் வந்தது. நீங்கள் பூசி, அது காயும்வரை காத்திருந்தேன். "எந்திரிச்சு நின்னு ஒரு இருமல் இருமுங்க மைனி."

"எதுக்குட்டி?"

"சும்மாத்தான்."

திட்டிக்கொண்டே எழுந்து நின்று இருமினீர்கள். காய்ந்த மண் குறுக்கே வெடித்தது. வெடித்த மண்ணைத் தள்ளிக்கொண்டு, நம் இருவர் கண்முன்னே அந்தப் புடைப்பு வெளியே வந்தது. "ஏட்டி, இது உசுருள்ளதுல்லா!" என்றீர்கள். உங்கள் குரல் தணிந்து அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

ஊர் ஆஸ்பத்திரி டாக்டருக்கு நம் கடையிலிருந்துதான் இட்டிலி போகும். அன்று தூக்குப் பாத்திரத்தை நானே கொண்டுபோனேன். "ஒருத்தருக்கு" என்று தொடங்கி, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நின்னா வருது, படுத்தா போகுதுன்னா அது கட்டி இல்லம்மா. குடல் இறக்கம்."

"அது ஆம்பிளைகளுக்குத்தானே சார் வரும்?"

"இந்த இடத்துல வாரது பொம்பிளைகளுக்குத்தான் அதிகம். உள்ளே ஒரு சின்ன வாசல் தளர்ந்துபோயிருக்கும். சின்ன வாசல்ங்கறதுதான் ஆபத்து. நுழைஞ்ச குடல் மாட்டிக்கிடும். மண்ணாலயும் அடைக்க முடியாது, பெல்ட் கட்டியும் அடைக்க முடியாது. ஆபரேஷன் பண்ணித் தைக்கணும். என்னைக்காவது அது உள்ளே போகாம, கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தா, காலையில பாத்துக்கலாம்னு மட்டும் இருந்துராதீங்க."

வந்து உங்களிடம் சொன்னேன். "கத்தி வைக்கதுக்கு ஆம்பிளை டாக்டர்தானே இருப்பான்? அந்த எடத்துலயா? போட்டீ" என்றீர்கள். பிறகு, "ஆடித்தபசு கழியட்டும். பிரகாரம் சுத்துததுக்கு நேந்திருக்கேன்" என்று இறங்கிவந்தீர்கள்.

ஆடிச்சுற்றின் கூட்டத்தில் உங்கள் பின்னாலேயே நடந்தேன். பிரகாரத்தை எத்தனையாவது முறை சுற்றினோமோ, ஒரு திருப்பத்தில் மதிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தீர்கள். வாந்தி எடுத்தீர்கள். படுக்கவைத்து, சேலைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. படுத்தும் உள்ளே போகவில்லை. சுற்றி நின்றவர்கள் வெயில் என்றார்கள், பித்தம் என்றார்கள், ஒருத்தி மண் எடுத்துவர ஓடினாள். அண்ணன் கடையிலிருந்து ஓடிவந்து, "இந்தக் கூட்டத்துல எங்கன போக? விடியட்டும்" என்றார்.

"விடியுத வரைக்கும் மைனி இருக்க மாட்டாக! இப்பவே போணும்!"

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன், மதினி. அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அடேயப்பா, பி.ஏ. வாயத் தொறந்துட்டா" என்றீர்கள்.

நம் கடையில் சாப்பிடும் கடையநல்லூர் ஜவுளி வியாபாரி பாய், திருவிழா வியாபாரத்துக்குத் தன் காரில் வந்திருந்தார். ஒன்றும் கேட்காமல், பின் சீட்டில் கிடந்த துணி மூட்டைகளை இறக்கிப் போட்டார். "ஏறுங்கம்மா, அல்லா இருக்கான்." ஆபரேஷன் என்றால் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். பனவடலிசத்திரம் தாண்டும்போது ரோட்டின் ஒவ்வொரு குழிக்கும் முனகினீர்கள். நடுவில் ஒருமுறை, "காருல போணும்னு ஆசைப்பட்டேன், இப்படியா?" என்று நீங்கள் கேட்டதும், அழுதுகொண்டிருந்த அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நீங்கள் பயந்தபடியே ஆண் டாக்டர்தான். "இது எவ்வளவு நாளா இருக்கு?" என்றார். அண்ணனுக்குத் தெரியாது. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ரதவீதியையே அதட்டுகிறவர்! என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "நீ சொல்லு. சத்தமாச் சொல்லுட்டி" என்றீர்கள். சொன்னேன். எந்த இடம், எப்போது வரும், எப்போது போகும், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எல்லாம் சொன்னேன்.

அவர் மறைக்காமல் சொன்னார். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். மடிப்பில் கீறி, மாட்டிய குடலை விடுவித்து, நன்றாக இருந்தால் உள்ளே தள்ளி வாசலைத் தைப்பார். கறுத்துப்போயிருந்தால் அந்தத் துண்டை வெட்ட வேண்டும், வயிற்றையும் திறக்க வேண்டியிருக்கும். "பிழைப்பனான்னு கேளு" என்று முணுமுணுத்தீர்கள். கேட்டேன். "சீக்கிரம் கொண்டாந்திருக்கீங்க. அதுதான் பாதி வைத்தியம்" என்றார். அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அறைக் கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தபோது முகமூடியைக் கழற்றுவதற்கு முன்பே கண்ணில் தெரிந்துவிட்டது. "குடல் தப்பிச்சது. வெந்நீர்த் துணி போட்டு வச்சிருந்தேன், நிறம் திரும்பிட்டுது. உள்ளே விட்டுத் தைச்சாச்சு." அண்ணன் வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தச் சுவர்களில் முட்டுகிற மாதிரி ஒரு கூச்சல் போட வேண்டும்போல் இருந்தது.

அதன்பிறகு தினமும் டாக்டர் வரும்போது நடந்த நாடகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. போர்வைக்குள்ளிருந்து நீங்கள் கேட்பீர்கள். நான் உரக்கச் சொல்ல வேண்டும்.

"இருமல் வந்தா தையல் பிரிஞ்சிருமான்னு கேளு."

"பிரியாது. கையால அந்த இடத்தை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருமச் சொல்லுங்க."

"வெளிக்கு... அதைக் கேளு. சத்தமா. எனக்கே கேக்கலை."

கேட்டேன், மதினி. ஒரு வார்டே கேட்க அதைக் கேட்டேன்! முக்கக் கூடாது, தண்ணீரும் கீரையும் பழமும் நிறைய வேண்டும் என்றார். தொடையில் ஓரிடம் மரத்திருக்கிறதே? கீறின இடத்தில் அப்படித்தான், போகப் போகச் சரியாகும். நீலம் பாய்ந்திருக்கிறதே? அதுவும் மாறும், ஆனால் சிவந்து சூடாகி, சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே வர வேண்டும். மறுபடி இறங்குமா? அபூர்வமாக இறங்கலாம், வந்தால் பார்த்துக்கொள்வோம். குடம்? மாதக்கணக்கில் தொடக் கூடாது. ஆட்டுரல்?

"அதுவும் கூடாது."

"அப்ப கடைய என்ன பண்ண, கேளுட்டி!"

"உங்க வீட்டுக்காரர் ஆட்டட்டும்" என்று அவர் போர்வையைப் பார்த்தே பதில் சொன்னார்.

அண்ணன் ஆட்டினார். ஊருக்கு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நீங்கள் மேற்பார்வை பார்த்தீர்கள். முதல் வாரத்து இட்டிலியைக் கடித்துவிட்டு ஒரு வாடிக்கைக்காரர், "அண்ணாச்சி, இதுக்கும் ஒரு ஆபரேஷன் பண்ணணும் போலுக்கே" என்றார். தையல் போட்ட இடத்தை அமுக்கிக்கொண்டு நீங்கள் சிரித்தது வீதிமுனை வரைக்கும் கேட்டது. அதன்பிறகு அண்ணன் உங்களை ஆட்டுரலில் உட்காரவிடவே இல்லை.

அடுத்த ஆடியில் நின்றுபோன சுற்றை முடித்தீர்கள். அதே திருப்பத்தில் அதே மதிலைத் தட்டிவிட்டு, "வா, இன்னும் கெடக்கு" என்று என்னை முந்திக்கொண்டு போனீர்கள்.

நம் கடைப் பின்கட்டுக்குப் பெண்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சந்தைக்கு வருகிறவர்கள், தறி வீட்டுக்காரிகள், ஒருமுறை ஒரு தாசில்தார் வீட்டம்மாள். கதவைச் சாத்திக்கொண்டு தழும்பைக் காட்டுவீர்கள். "பாருங்க, நாலு விரக்கடைதான். வெட்கப்பட்டிருந்தா இன்னைக்கு என் போட்டோவுக்குல்லா மாலை போட்டிருப்பாக! மண்ணை நெத்தியில வையுங்க. இதை டாக்டர்ட்ட காட்டுங்க. வலிக்கும், இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா எந்திரிச்சு நடப்பிய." பிறகு என்னைக் கூப்பிடுவீர்கள். "பி.ஏ., அந்த வாந்தி சமாச்சாரத்தைச் சொல்லு. சத்தமா."

போன மார்கழியில் வந்த விஷக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அந்தத் தையலுக்கு அதில் பங்கில்லை. அது கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று வந்த சிவகிரிக்காரி இரண்டு மாதத்துக்கு முன் பள்ளிக்கூட வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். மகளைச் சேர்க்க வந்தவள். என்னென்னவோ பேசிவிட்டு, "ஒரு கட்டி டீச்சர், மண்ணு பூசினா வாங்கிருது" என்று காதோடு சொன்னாள். அவளை உள்ளே அழைத்து, கதவைச் சாத்தி, நின்று இருமச் சொன்னேன். பிறகு அவள் புருஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. குடல் மாட்டிக்கொள்வதற்கு முன்பே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், மதினி. காரில் துடிக்காமல், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அவளே கேட்டாளாம்.

அவள் கொடுத்த மண்ணை நெற்றியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் ஒரு பெண் ஏதோ கேட்க எழுந்தாள். உதடு மட்டும் அசைந்தது. என் வாயில் தானாக வந்தது:

"சத்தமாக் கேளுட்டி."