ஒரே ஒரு வாரத்துப் பனி

லான்பாக்,
12 பிப்ரவரி 2022

அன்புள்ள ரோஸ்விதா,

அறைச் சாவியை விடுதிக்கார நோட்புர்காவிடம் கொடுத்துவிட்டேன். கட்டிலை உனக்குப் பிடித்தபடி ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போட்டிருக்கிறேன். என் வாரம் இன்றோடு முடிகிறது, உன் வாரம் தொடங்குகிறது. விவாகரத்தில் வீடும் காரும் பியானோவும் ஒழுங்காகப் பிரிந்தன. இந்த விடுதி அறையை மட்டும் இரண்டு பேருமே விடமாட்டேன் என்று நின்று, பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு வாரம் என்று வெட்டிக்கொண்டோம். வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா?

இனி பனியைப் பற்றி. ஒரே வார்த்தையில் சொன்னால், கேவலம். காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கிறது, மத்தியானம் கஞ்சியாகிவிடுகிறது. வடக்குச் சரிவு பரவாயில்லை என்கிறார் கிராஸிலிருந்து வந்திருக்கும் பல் டாக்டர். அந்தச் சரிவில்தான் கல் தட்டிச் சறுக்குப் பலகை பாழாயிற்று என்று வெல்ஸ் நகரத்து அக்கா தங்கை இருவரும் சாப்பாட்டு மேசையிலேயே அவரிடம் சண்டைக்குப் போனார்கள். "இதெல்லாம் ஒரு பனியா? ஃப்ரிட்ஜ்ல சுரண்டி எடுத்த மாதிரி இருக்கு!" என்றாள் அக்கா. பனி பீய்ச்சும் இயந்திரங்கள் ராத்திரியெல்லாம் இரைந்ததுதான் மிச்சம்.

மலை மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட் நாற்காலிகளில் மெத்தை கிழிந்து பஞ்சு தெரிகிறதாம். மேலே இருக்கும் சாப்பாட்டுக் குடிசையில் கல்லீரல் உருண்டை சூப் இப்போது பொட்டலத்திலிருந்து வருகிறதாம். பாட்டு மட்டும் காதைக் கிழிக்கிறது. அது கீழே வரை கேட்கிறது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுவந்தாயா? கொண்டுவந்திருக்க மாட்டாய். அலமாரியில் என்னுடையது ஒன்று வைத்திருக்கிறேன்.

உன் முன்னாள்,
கெப்ஹார்ட்

சால்ஸ்பர்க்,
1 மார்ச் 2022

அன்புள்ள கெப்ஹார்ட்,

காலுறைக்கு நன்றி. துவைத்து நோட்புர்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

உன் பல் டாக்டர் பல்லோடு நிற்கட்டும். அவர் பேச்சை நம்பி வடக்குச் சரிவுக்குப் போனேன். பாதி வழியில் மஞ்சள் புல். மாட்டை அவிழ்த்துவிட்டால் நன்றாக மேயும். பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து இறங்கினேன். லிஃப்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த மியூனிக்காரி, "அடுத்த வருஷம் நான் கடற்கரைக்குப் போயிடுவேன். அங்க மணலாவது நிஜ மணலா இருக்கும்," என்றாள். சூப் விஷயம் உண்மைதான். ஒரு கரண்டி குடித்துவிட்டு வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அதில் பல் டாக்டர் இருக்கிறார், அக்கா தங்கை இருக்கிறார்கள். நீ எங்கே இருக்கிறாய்? உனக்குப் பனி எப்படி இருந்தது?

ரோஸ்விதா

லான்பாக்,
11 பிப்ரவரி 2023

அன்புள்ள ரோஸ்விதா,

நீ போன வருஷம் கேட்டதற்குப் பதில்: எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்த வருஷம் மழை. பிப்ரவரியில் மழை! நடு லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். காட்டுப் பாதையில் பழுப்புத் தரைக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் ஓடுகிறது, அதில் எல்லோரும் வரிசையாக இறங்குகிறார்கள். பல் டாக்டர் லிஃப்ட் கம்பெனிக்குப் புகார் எழுதி எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அக்காக்காரி போடமாட்டேன் என்றுவிட்டாள். "மழைக்கு அவன் என்னய்யா பண்ணுவான்? மேல பாத்து எழுதுங்க, சாமிக்கு எழுதுங்க," என்றாள்.

நீ வரும்போது குளிர் திரும்பலாம் என்கிறார்கள். உன் வாரமாவது நன்றாக இருக்கட்டும்.

கெப்ஹார்ட்

சால்ஸ்பர்க்,
14 ஜனவரி 2024

அன்புள்ள கெப்ஹார்ட்,

நோட்புர்கா உனக்கும் தகவல் சொல்லியிருப்பாள். பனி இல்லாததால் இந்தக் குளிர்காலத்தில் லிஃப்ட் ஒரே ஒரு வாரம்தான் ஓடுமாம், பிப்ரவரி பத்தாம் தேதியிலிருந்து. அவளும் அந்த ஒரு வாரத்துக்குத்தான் விடுதியைத் திறக்கிறாள். அடுத்த வருஷம் லிஃப்ட் உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆக, வெட்டிக்கொள்ள ஒன்றும் மீதியில்லை. உன் வாரமும் அதுதான், என் வாரமும் அதுதான்.

நான் யோசித்துப் பார்த்தேன். நாம் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை, பேச்சு தீர்ந்துபோய்ப் பிரிந்தவர்கள். உப்பை இப்படித் தள்ளு என்பதைத் தவிர அந்த வீட்டில் கடைசியில் என்ன பேசினோம்? ஆனால் இந்தக் கடிதங்களில் எவ்வளவு பேசிவிட்டோம்! கிழிந்த நாற்காலியையும் பொட்டலச் சூப்பையும் பற்றி நீ எழுதுவதற்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இரண்டு பேருமே வருவோம். நோட்புர்காவின் மகள் அறை காலியாக இருக்கிறது. ஜன்னல் அறையை நீ எடுத்துக்கொள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லலாம். என்ன சொல்கிறாய்?

ரோஸ்விதா

லின்ஸ்,
22 ஜனவரி 2024

அன்புள்ள ரோஸ்விதா,

நீயே போய் வா. எனக்கு இங்கே கூரை வேலை இருக்கிறது, ஆட்கள் அந்த வாரம்தான் வருகிறார்கள்.

வடக்குச் சரிவுக்கு மட்டும் போகாதே.

கெப்ஹார்ட்

லான்பாக்,
12 பிப்ரவரி 2024

அன்புள்ள கெப்ஹார்ட்,

உன் கூரை எப்படி இருக்கிறது? அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில் குடியிருப்பவனுக்குக் கூரை வேலை என்று நீ எழுதியபோதே எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் வந்தேன். வந்த அன்று சாயங்காலம் நோட்புர்காவிடம் உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அவரு எங்க மேல போறாரு, ரோஸி? முட்டி போச்சுல்ல. நாலஞ்சு குளிர்காலமா பூட்ஸையே தொடல. பகல் பூரா இந்த மேசைலதான். சறுக்கிட்டு வர்றவங்கள ஒருத்தர் விடாம புடிச்சு உக்கார வெச்சு, மேல எப்படி, பனி எப்படி, சூப் எப்படின்னு வக்கீலாட்டம் கேள்வி. அந்த வெல்ஸ் அக்கா ஒரு நாள் கேட்டே புட்டா, நீங்க என்ன பத்திரிகைக்காரரான்னு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, கெப்ஹார்ட். நீ எனக்கு எழுதுவதற்காகவே ஒரு வாரம் ஊரார் பேச்சைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. கோபம் போன இடம் தெரியவில்லை. மகள் அறையில்தான் படுத்திருக்கிறேன், உன் அறைக்குப் போக மனசு வரவில்லை. இந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இன்னொன்று. நான் வந்த அன்று இரவு பனி கொட்டத் தொடங்கியது, மறுநாளும் நிற்கவில்லை. இப்போது மலை முழுக்க வெள்ளை. பலகை போகும் சத்தமே கேட்கவில்லை, அவ்வளவு மெத்தென்று இருக்கிறது. மேசையில் எல்லோரும் பேச்சு மூச்சில்லாமல் சாப்பிடுகிறார்கள். உன் பல் டாக்டர் கூட முள்கரண்டியை வைத்துவிட்டு, "குறையே இல்லைங்க. இப்ப நான் என்னத்தப் பேசுறது?" என்றார். நல்ல மனுஷன்தான்.

இன்று காலை உச்சியில் தனியாக நின்றேன். இவ்வளவு நல்ல பனியை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் நிற்பது எனக்குத் தாங்கவில்லை. உடனே இறங்கி வந்துவிட்டேன்.

நீ சறுக்க வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும். நானும் மேலே போகாமல் உன்னோடு உட்காருவேன். சனிக்கிழமை வரை இங்கேதான் இருக்கிறேன். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். கிளம்பி வா.

ரோஸ்விதா

ஷ்வார்சாக் ரயில் நிலையம்,
15 பிப்ரவரி 2024

அன்புள்ள ரோஸ்விதா,

நேற்று உன் கடிதம் கிடைத்தது. இன்று காலை பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சவரம் செய்துகொண்டேன், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டேன். உங்கள் பக்கம் வரும் சின்ன ரயிலுக்காக இங்கே மாறி உட்கார்ந்திருக்கிறேன்.

முட்டியைப் பற்றி நோட்புர்கா சொன்னது உண்மைதான். நான் முட்டிக்காக வெட்கப்பட்டு வராமல் இருந்தேன் என்று நீ நினைக்கலாம். நானும் இன்று காலை வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லான்பாக்கிலிருந்து வந்த ரயிலில் ஒரு கூட்டம் இறங்கியது. எல்லோருக்கும் வெயில் பட்டுச் சிவந்த முகம், ஒரே சிரிப்பு. ஒரு அம்மாள் பலகைகளைச் சாய்த்து வைத்துவிட்டு என் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேலே எப்படி இருக்கிறது என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"சொல்லி மாளாதுங்க! இப்படி ஒரு பனிய நான் சின்ன வயசுல பாத்ததுதான். நீங்களும் போறீங்களா?"

குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஊரில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன பேசுவேன், ரோஸ்விதா? முதல் நாள் பனி நன்றாக இருக்கிறது என்போம். இரண்டாம் நாள் நீ உப்பைக் கேட்பாய், நான் தள்ளுவேன். அந்த வீட்டின் மௌனம் மறுபடியும் வந்து நமக்கு நடுவில் உட்கார்ந்துவிடும். இந்தக் கடிதங்கள்தான் எனக்கு மிச்சம். அவற்றையும் அந்த மேசையில் தொலைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உன்னைப் பார்க்கவும் ஆசையாக இருக்கிறது. இரண்டும் ஒரே அளவுக்கு இருக்கின்றன.

அந்தச் சின்ன ரயில் வந்து நின்றது. கதவு திறந்திருந்தது. நான் எழுந்திருக்கவில்லை, அது போய்விட்டது.

கடைசி ரயில் ஒன்று பாக்கி இருக்கிறது. அதில் ஏறினால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன். தபால் பெட்டி பெஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அதிலும் நான் ஏறவில்லை என்று தெரிந்துகொள்.

கெப்ஹார்ட்