வம்பு பேசத்தான் நடந்தோம்

இன்று காலை தாதர் ஆபிஸ் முழுக்கப் புது ஷூவின் பசை நாற்றம். நம் மேனேஜர் நலவாழ்வு வாரம் கொண்டாடுகிறார். ஆளுக்கொரு ஜோடி ஷூ, நடையை எண்ண ஒரு கைக்கடிகாரம். அதிகம் நடப்பவருக்குப் பரிசு. கணக்குப் பிரிவு ஆள் நாற்காலியை விட்டு எழாமலே கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதையும் நடை என்று நம்புகிற கடிகாரம். இந்த லட்சணத்தைப் பார்க்க நீ இல்லை.

எந்தப் பரிசுக்காக நாம் நடந்தோம்? மதியம் டப்பாவை மூடிய கையோடு என்னை இழுப்பாய். "எந்திரிட்டி. இங்க பேசினா அவன் காதுல விழும். நடந்துக்கிட்டே பேசுவோம்." மேனேஜரைக் கிழித்துத் தொங்கவிட்டபடி கட்டடத்தைச் சுற்றுவோம். ஒவ்வொருத்தியாகச் சேர்ந்தார்கள். முழங்கால் வலியோடு ரிசப்ஷன் அக்காவும் வந்தாள். "வராதவளப் பத்தித்தான் அன்னைக்குப் பேச்சு" என்று நீ சொல்லிவைத்திருந்தாயே. எடை, சர்க்கரை என்று ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "இது ஆபிஸா, கார்டனா? நடக்கணும்னா வீட்டுக்குப் போய் நடங்க" என்று எல்லோர் முன்பும் கத்தினார். மறுநாளிலிருந்து மதியத்தில் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்தது. நாம் இருவரும் மாடிப்படியில் ஏறி இறங்கினோம்.

பிறகு உனக்கு வயிற்றில் ஆபரேஷன். நடந்தால்தான் தேறுவாய் என்றார் டாக்டர். நர்ஸ் கெஞ்சியும் நீ அசையவில்லை. நான் வந்ததும் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டாய். "சொல்லுட்டி, இன்னைக்கு அவன் என்ன பண்ணினான்?"

"அந்தக் கடைசி ஜன்னல் வரைக்கும் வா, சொல்லுதேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாய். பாதிக் கதையை நிறுத்திவைத்து இன்னொரு நடை நடக்க வைத்தேன். மேனேஜர் செய்யாததையும் சேர்த்துச் சொன்னேன். அப்படியும் உன்னை வீட்டுக்குக் கூட்டிவர முடியவில்லை.

இன்று அவர் மைக்கைப் பிடித்து, ஊழியர்களை நடக்க வைப்பது தன் நெடுநாள் கனவு என்றார். கூசவே இல்லை. பிறகு, எது உங்களை நடக்கத் தூண்டுகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஆரோக்கியம், குடும்பம் என்று எல்லோரும் ஒப்பித்தார்கள்.

"உங்களப் பத்திப் பேசத்தான் சார் நடந்தோம். நீங்கதான் கேட்டைப் பூட்டினீங்க" என்றேன்.

ரிசப்ஷன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மைக்கை அடுத்தவரிடம் நீட்டிவிட்டார்.

எனக்கு இன்னும் வாயை மூடிக்கொண்டு நடக்கத் தெரியாது. செம்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் உன்னிடம் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவேன்; எதிரே வருபவர்கள் ஒதுங்கிப் போவார்கள். இன்று சொல்ல நிறைய இருந்தது. வீட்டு வாசலைத் தாண்டியும் நடந்துகொண்டே இருந்தேன்.