முப்பத்தொன்றாம் வளைவில் கழன்ற சாவி

ஆவணி 8, திங்கள்

காலையில் தூறல். ஒன்பது மணி வரை எதிரில் இருக்கும் பலாமரம்கூடத் தெரியாத மூட்டம். பழனியம்மாவின் முட்டி வீக்கத்துக்கு மஞ்சள் பற்று போட்டேன். எலும்பு தப்பியது. என் மனைவிக்கு எலும்பும் உறுதி, வாயும் உறுதி.

சனிக்கிழமை நடந்ததை எழுத இன்றுதான் கை வந்தது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அடிவாரச் சந்தைக்கு இறங்கினோம். எழுபது வளைவில், அடிவாரத்தில் இருந்து எண்ணினால் முப்பத்தொன்றாவது. ஸ்டியரிங் திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தால் கல் மாதிரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் ஜீப் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும். சாவி என் காலடியில்.

பழனியம்மா வழக்கம்போல முந்தானையைத் தலையில் போட்டு, கையில் எலுமிச்சம்பழம், கண் மூடியபடி. மலையிலேயே பிறந்தவள், ஆனால் வளைவு ஆகாது. முட்டி இடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"சாவி போடற லாக்கு போச்சு. சாவி தானா கழண்டு விழுந்துருச்சு."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

சாவியைத் திரும்பப் போட்டு, ஸ்டியரிங்கை ஆட்டி ஆட்டி விடுவித்து, முதல் கியரிலேயே ஊர் திரும்பினோம். தார் எல்லாம் நசுங்கல். வந்ததில் இருந்து அவள் தம்பி செல்வராசுவுக்குத்தான் அர்ச்சனை. மூன்று வருடம் முன் இந்த ஜீப்பை எங்களுக்குக் கொடுத்தவன் அவன்.

"தேஞ்ச லாக்கோட வண்டிய அக்கா தலையிலயே கட்டிட்டானே! ஒரு வார்த்த சொன்னானா?"

தண்ணீர்க் குழாயடியில் சொல்லியாயிற்று. ரேசன் கடையில் சொல்லியாயிற்று. இன்று மாலை கடைசி அறிவிப்பு: "ஞாயித்துக்கெழம அவன் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க வேண்டாம்."

ஞாயிறு மகள் கவிதாவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாய்மாமன் இல்லாமல் பூ வைப்பதா? கவிதா அழுதுகொண்டே கோழிக்குத் தீவனம் போட்டாள். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஆவணி 9, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. மிளகுக் கொடி இரண்டு சரிந்து கிடந்தன, கட்டினேன்.

வாங்க வேண்டியது: வெற்றிலை, பாக்கு, தேங்காய் 11, கவிதாவுக்குப் புடவை, எனக்கு வேட்டி (பழையதே போதும் என்றேன், முறைத்தாள்), சாமந்தி. எல்லாவற்றுக்கும் கீழேதான் போக வேண்டும். ஜீப் படுத்துக் கிடக்கிறது.

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. எழுதிவிடுகிறேன்.

முப்பத்து நான்காவது வளைவு தாண்டியதும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். நியூட்ரல். டீசல் மிச்சம். ஜீப் ஓட்டத் தொடங்கிய நாளில் இருந்து உள்ள பழக்கம். இறக்கம்தானே, வண்டி தானாகப் போகும், ஏன் எரிக்க வேண்டும் என்ற புத்தி. அணைத்த இடத்தில் சாவி நிற்கவில்லை. அடுத்த கட்டத்துக்கு அதுவாகவே சரிந்து, ஸ்டியரிங்கைப் பூட்டிவிட்டு, கழன்றுவிட்டது. இன்ஜின் ஓடாததால் பிரேக்கும் கல்.

இன்னும் இருக்கிறது. ஜீப்பைக் கொடுத்த அன்றே செல்வராசு சொன்னான். சோளக்காடு பஸ் நிற்கிற இடம், கையில் அன்னாசிக் கீற்று. "மச்சான், லாக்கு கொஞ்சம் தேஞ்சிருக்குதுங்க. எறக்கத்துல மட்டும் சாவிய ஆஃப் பண்ணீராதீங்க. சீக்கிரம் மாத்திக்கோணும்." சரி சரி என்று தலையாட்டினேன். பழனியம்மா அப்போது மிளகுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

சரி சரி. மூன்று வருடம்.

ஆவணி 10, புதன்

மூட்டம். பத்து மணிக்கு வாசலூர்பட்டியில் இருந்து செல்வராசு, தன் சுற்றுலா வேனில். படகுத்துறைக்கு வருகிறவர்களை ஏற்றும் வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கையில் புது லாக், இரண்டு சாவி. யாரும் கூப்பிடவில்லை.

பழனியம்மா உள்ளே போய்விட்டாள். தண்ணீர்ச் சொம்பு கவிதா கையில் வந்தது. பின்னாலேயே சத்தம் மட்டும்: "லாக்கு வாங்கியாந்தா ஆச்சா? நாங்க ரெண்டு பேரும் பள்ளத்துல கெடந்திருந்தா யாருக்கு மாட்டியிருப்ப?"

செல்வராசு ஜீப் கதவைத் திறந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தான். லாக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குத் தலையே கிடையாது. திருடன் கழற்றக் கூடாதென்று மாட்டும்போதே ஒடித்துவிடுவார்களாம். உளியை ஓரத்தில் வைத்துத் தட்டித் தட்டித் திருப்பினான். ஒன்று வந்தது. இன்னொன்று வர ஒரு மணி நேரம். நான் டார்ச் பிடித்தேன்.

"எந்த வளைவுங்க மச்சான்?"

"முப்பத்தொண்ணு."

பழைய லாக் கழன்றதும் எழுந்து உட்கார்ந்தான். அதில் பழைய சாவியைச் செருகி எனக்குக் காட்டினான். ஓடும் இடத்தில் வைத்து உலுக்கினான்; சாவி கீழே விழுந்தது, ஆனால் ஸ்டியரிங்கைப் பூட்டும் முளை வெளியே வரவில்லை. மறுபடி செருகி அணைக்கும் இடத்துக்குத் திருப்பினான். விரலை எடுத்ததும் சாவி தானே சரிந்தது. டக். முளை வெளியே.

லாக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"அக்காகிட்ட நீ சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றேன். என்ன வெட்கங்கெட்ட பேச்சு.

"சொன்னா உங்களத் திட்டும். என்னைத் திட்டட்டும், எனக்குச் சின்னதுல இருந்து பழக்கந்தானுங்க. ஆனா ஞாயித்துக்கெழம..."

கையில் இருந்த கிரீஸை வெகுநேரம் துடைத்தான். பிறகு புது லாக்கை மாட்டினான். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். சாப்பிடாமல் போனான்.

ஆவணி 11, வியாழன்

நல்ல மழை. பழனியம்மா பழைய லாக்கைச் சாட்சிக்கு என்று அரிசிப் பானை மேல் வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டேன்.

ஆவணி 12, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பானை மேல் இருந்த லாக்கை எடுத்து, செல்வராசு காட்டியது போலவே காட்டினேன். "இது ஓடுற எடம். இது அணைக்கிற எடம், எறக்கத்துல இங்க நாந்தான் திருப்புனேன்." சாவி சரிந்தது. டக்.

அவள் கையில் கத்தி நின்றது.

"அவன் உங்ககிட்டச் சொன்னானா?"

"சொன்னான். வாங்குன அன்னிக்கே."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது தாங்க முடியவில்லை. மீதி வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இல்லை. போனை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள். சிக்னல் அங்கேதான்.

இங்கிருந்து கேட்டது இவ்வளவு: "இத்தன திட்டுனேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா கண்ணு?... அவரு சொன்னாரு... இல்ல சாமி, எம்மேலதான் தப்பு... ஞாயித்துக்கெழம மொத ஆளா நீ வந்து நிக்கோணும்."

பிறகு மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும்.

மதியம் களியும் கீரையும். கீரையில் உப்பில்லை. கேட்கவில்லை.

ஆவணி 13, சனி

வெளிச்சமான காலை. புடவை எடுக்கக் கீழே இறங்கினோம், நானும் அவளும். அவள் என்னோடு பேசி ஒரு நாள் ஆகிறது. மாற்றுச் சாவி அவள் சுருக்குப் பையில். கையில் எலுமிச்சம்பழம்.

எழுபதாவது வளைவில் முந்தானை தலைக்குப் போகவில்லை. அறுபதிலும் இல்லை. நேராக உட்கார்ந்து சாவியையே பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்துவிட்டது, நெற்றியில் வேர்வை. முப்பத்து நான்கு வந்ததும் என் கை தானாக அசைந்தது. பழக்கம். அவள் பார்வை சாவியில் இருந்து என் விரலுக்கு வந்தது. கையை ஸ்டியரிங்குக்கே கொண்டுபோனேன். முப்பத்தொன்றில் சுவரில் எங்கள் உரசல் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு பேரும் பார்த்தோம்.

கடைசி வளைவு வரை இன்ஜின் ஓடியது. அடிவாரத்தில் நிறுத்தியதும் இறங்கிப் போய் இரண்டு தடவை வாந்தி. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து முதுகைத் தடவினேன்.

"எப்பவும் போல கண்ண மூடிக்கிட்டு வந்திருக்கலாமில்ல?"

வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

"இத்தன வருசம் மூடிக்கிட்டுத்தானுங்க வந்தேன்."